பிறக்கும் முன் பட்ட மாசு மரபணுவில் எவ்வளவு காலம் நிற்கும்?

கேள்வி இது: கர்ப்பத்திலோ கைக்குழந்தைப் பருவத்திலோ தொழிற்சாலை மாசு உடம்பில் சேர்ந்தால் பிள்ளையின் மரபணு நிரந்தரமாக மாறிவிடுமா? அது பேரப்பிள்ளை வரை போகுமா? சோதித்துப் பார்க்க வழி உண்டா? சரிசெய்ய முடியுமா? நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் கேள்வி தெளிவானால்தான் மற்ற மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும்.

முதலில் சுருக்கம். ஈயம், பாதரசம், டயாக்சின் (எரிப்பிலும் ரசாயன ஆலைகளிலும் உருவாகும் நச்சு) போன்றவை முக்கியமாகக் கை வைப்பது மரபணுவின் எழுத்து வரிசையில் இல்லை. (ஆறு இணைதிறன் குரோமியம், நிலக்கரிப் புகையில் உள்ள பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் போன்ற சில டிஎன்ஏவையே சேதப்படுத்தும், அது தனிக் கணக்கு.) எந்த மரபணு எந்தத் திசுவில் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத்தான் அவை குலைக்கின்றன. அந்த மாற்றங்களில் சில, வேதிப்பொருள் வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நிற்கின்றன. சில தாமாகவே மறைகின்றன. பேரப்பிள்ளைக்குப் போகும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. உடம்பில் உள்ள நஞ்சை அளக்கலாம். ஆனால் அது விட்டுச்சென்ற எபிஜெனடிக் தடத்தை, அதாவது எழுத்தை மாற்றாமல் மரபணுவின் வேலையை மட்டும் மாற்றும் குறிகளை வைத்து ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்லும் சோதனை இன்று கிடையாது. தடத்தை அழிக்கும் மருந்தும் கிடையாது. நஞ்சு வரும் வழியை உரிய காலத்தில் அடைத்தால் பலன் உண்டு; அதற்கு மனிதர்களிடமே சான்று இருக்கிறது.

இனி விவரம். நம் உடம்பின் எல்லாச் செல்களிலும் ஏறத்தாழ ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லும் மூளைச் செல்லும் வேறுபடுவதற்குக் காரணம், அவற்றில் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்பதுதான். இந்தத் திறப்பு மூடலுக்கான குறிகளில் நன்றாக ஆராயப்பட்டது மெத்திலேற்றம். டிஎன்ஏவின் எழுத்துகளில் சைட்டோசினை (சி) அடுத்து குவானின் (ஜி) வரும் இடங்களை சிபிஜி இடங்கள் என்பார்கள். மனித மரபணுத் தொகுதியில் அப்படிச் சுமார் 2.8 கோடி இடங்கள் உள்ளன. அந்த சைட்டோசினில் மெத்தில் தொகுதி என்ற ஒரு சிறு வேதித் துணுக்கு ஒட்டும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது அடர்ந்திருந்தால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கியிருக்கும். இரண்டாவது வகைக் குறி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டும் அசெட்டில், மெத்தில் தொகுதிகள்.

நஞ்சு போன பிறகும் தடம் நிற்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி, பழைய இழையில் உள்ள மெத்தில் குறிகளைப் பார்த்துப் புதிய இழையிலும் அதே இடத்தில் போடுகிறது. ஆகவே கருவின் ஒரு செல்லில் தவறாக விழுந்த குறி, அந்தச் செல்லிலிருந்து உருவாகும் லட்சக்கணக்கான செல்களுக்கும் நகலாகும். பெரியவரின் கல்லீரலில் ஒரு செல்லில் விழும் தவறு அவ்வளவு பரவாது. இளம்பருவத்தில் பட்ட நஞ்சு அதிகம் பாதிப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், குறிகள் எழுதப்படும் காலமே அதுதான். கருவுற்ற சில நாட்களில், பெற்றோரிடமிருந்து வந்த மெத்தில் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்படுகிறது. கரு கருப்பைச் சுவரில் பதியும் காலத்தை ஒட்டிப் புதிதாக எழுதப்படுகிறது. பிறகு கருவுக்குள் உருவாகும் இனச்செல்களில் (பின்னால் முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகும் செல்கள்) இன்னொரு முறை அழித்தெழுதுதல் நடக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக் கால எல்லை உண்டு. மூளை, நுரையீரல், நோயெதிர்ப்பு மண்டலம் ஆகியவற்றுக்குப் பிறந்த பின்னும் பல ஆண்டுகள் இந்த வேலை தொடர்கிறது. அதனால் ‘எவ்வளவு பட்டது’ என்று கேட்பதற்கு முன் ‘எந்த மாதத்தில் பட்டது’ என்று கேட்க வேண்டும்.

இதைத் துல்லியமாகக் காட்டிய சோதனை டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் பற்றியது. அது மருந்து, ஆலை மாசு இல்லை. ஆனால் ஹார்மோனைக் குழப்பும் ஆலை ரசாயனங்களைப் புரிந்துகொள்ள அது முன்மாதிரி. பிறந்த சுண்டெலிக்கு முதல் 5 நாட்களுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் வீதம் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு அதன் கருப்பையில் லாக்டோஃபெரின் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரு சிபிஜி இடம் மெத்தில் இழந்து கிடந்தது. வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் வந்தால் மட்டும் விழிக்கும் அந்த மரபணு, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே வேலை செய்தது. அதே மருந்தை வளர்ந்த எலிக்குக் கொடுத்தபோது அந்தக் குறி மாறவில்லை. 1997இல் வந்த முடிவு இது. நஞ்சு ஒன்றே, மரபணுவும் ஒன்றே; பட்ட வயது மட்டும்தான் வேறு.

ஈயத்துக்கு வருவோம். நீண்ட காலத் தடத்துக்கு விலங்குகளில் கிடைத்த வலுவான சான்று இதில்தான் இருக்கிறது. எலிக்குட்டிகளுக்குப் பிறந்த நாளிலிருந்து 20 நாட்கள் மட்டும் ஈயம் கொடுத்து நிறுத்தினார்கள். அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஏபிபி மரபணுவின் செயல்பாடு நடுவயதில் இயல்பாகவே இருந்தது. 20 மாதம் ஆனபோது, அதாவது எலியின் முதுமையில், திடீரென உயர்ந்தது. முதுமையில் மட்டும் ஈயம் கொடுத்த எலிகளில் இந்த உயர்வு இல்லை. பிறகு குரங்குகளில் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து 400 நாட்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் வீதம் தினமும் ஈயம் பெற்ற குரங்குகளை 23 வயதில் ஆராய்ந்தபோது, மூளையில் ஏபிபியும், அல்சைமரோடு தொடர்புடைய இன்னொரு மரபணுவான பேஸ்1உம் கூடுதலாக வேலை செய்தன. மெத்தில் தொகுதியை ஒட்டும் நொதியின் வேகம் குறைந்திருந்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் குரங்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதனால் ‘ஈயம் பட்ட பிள்ளைக்கு அல்சைமர் வரும்’ என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் குழந்தைப் பருவத்தில் நின்றுபோன ஒரு நஞ்சு இருபது ஆண்டு அமைதிக்குப் பிறகும் மரபணுச் செயல்பாட்டில் வெளிப்படலாம் என்பதை மறுக்க இடமில்லை. நடுவயதில் எடுத்த சோதனையில் எதுவும் தெரியாததால் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் இது நல்ல உதாரணம்.

டயாக்சின் வேலை செய்யும் வழி இன்னும் நேரடியானது. டிசிடிடி என்ற டயாக்சின் செல்லுக்குள் நுழைந்து ஏஎச்ஆர் என்ற ஏற்பியை (வேதிப்பொருளைப் பிடிக்கும் புரதம்) பற்றும். ஏற்பி உட்கருவுக்குள் போய், ஆர்ண்ட் என்ற கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து, டிஎன்ஏவில் ஜி-சி-ஜி-டி-ஜி என்ற ஐந்தெழுத்து வரும் இடங்களில் உட்காரும். உடனே சிஒய்பி1ஏ1 போன்ற நஞ்சு முறிக்கும் நொதிகளின் மரபணுக்கள் விழிக்கும். அந்த ஐந்தெழுத்தின் நடுவிலேயே ஒரு சிபிஜி இருப்பதைக் கவனியுங்கள். அதில் மெத்தில் ஒட்டியிருந்தால் ஏற்பி உட்கார முடியாது. எனவே கருவில் அந்த இடங்களின் மெத்தில் நிலை எப்படி அமைகிறதோ, அதைப் பொறுத்துப் பிற்காலத்தில் புகை, மாசு ஆகியவற்றுக்கு ஒருவர் காட்டும் எதிர்வினையே மாறலாம்.

மனிதர்களில் இதற்குப் பெரிய சாட்சி இத்தாலியின் செவேசோ. 1976 ஜூலை 10 அன்று, மிலான் நகருக்கு வடக்கே மேடாவில் இருந்த இக்மேசா ஆலையின் உலையிலிருந்து டிசிடிடி காற்றில் பரவியது. அப்போது 1 முதல் 9 வயதுக்குள் இருந்த சிறுவர்கள் வளர்ந்து ஆளானபோது, மற்றவர்களைவிட அவர்களது விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருந்தன. அப்போது 10 முதல் 17 வயதில் இருந்தவர்களுக்கோ விந்தணு எண்ணிக்கை எதிர்த்திசையில், கூடுதலாக இருந்தது. ஒரே ஊர், ஒரே மேகம், சில வயது வித்தியாசம். இன்னொன்றும் நினைவில் வேண்டும்: மனித உடம்பில் டிசிடிடியின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் காலம்) 7 முதல் 8 ஆண்டுகள். அதனால் ‘நின்ற தடம்’ எது, ‘இன்னும் உள்ளே கிடக்கும் நஞ்சு’ எது என்று பிரிப்பது டயாக்சினில் மிகக் கடினம். மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் பயன்பட்ட பிசிபி ரசாயனங்களுக்கும் இதுவே. 1979இல் தைவானில் பிசிபி கலந்த தவிட்டெண்ணெய் சாப்பிட்ட பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைகளிடமும் வளர்ச்சிக் குறைபாடு தெரிந்தது. தாயின் கொழுப்பில் தங்கியது பிறகு மெல்ல வெளியே வந்தது.

உலோகங்கள் ஒவ்வொன்றும் வேறு வாசல் வழியாக நுழைகின்றன. ஆர்செனிக்கை வெளியேற்றக் கல்லீரல் அதோடு மெத்தில் தொகுதியைச் சேர்க்கிறது. டிஎன்ஏவில் குறி போட மெத்திலைத் தரும் அதே எஸ்-அடினோசில்மெத்தியோனின்தான் அதற்கும் செலவாகிறது. நிக்கல், ஹிஸ்டோனிலிருந்து மெத்திலை நீக்கும் நொதிகளில் இரும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நொதி முடங்குகிறது. அடங்க வேண்டாத மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. காட்மியம் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிடும். கருவுக்குள் போவது குறைவு. ஆனாலும் நஞ்சுக்கொடியின் வேலை கெட்டு, கருவுக்குப் போகும் துத்தநாகம் குறைகிறது. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு மெத்தியோனின் போலத் தோற்றம் தருவதால், நஞ்சுக்கொடியே அதைக் கூட்டிப்போய் உள்ளே விடுகிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசத்தின் அளவு தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாகச் சுமார் 1.7 மடங்கு இருக்கும். 1956இல் வெளியுலகுக்குத் தெரிந்த மினமாட்டா நோயில், அறிகுறி அதிகம் தெரியாத தாய்மாருக்குக் கடும் பாதிப்புடன் பிள்ளைகள் பிறந்தது இதனால்தான்.

பாதரசத்தில் ஒரு சுண்டெலி ஆய்வு மிகவும் பாடம் சொல்வது. பிறப்பை ஒட்டி மெத்தில் பாதரசம் பட்ட ஆண் எலிகளுக்கு வளர்ந்த பிறகு மூளையில் நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில், மூளை வளர்ச்சிக்கு உதவும் பிடிஎன்எஃப் மரபணு அடங்கியிருந்தது. மனச்சோர்வு போன்ற நடத்தையும் இருந்தது. மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்சிடின் மருந்து கொடுத்ததும் மரபணு மறுபடி வேலை செய்தது, நடத்தையும் தேறியது. ஆனால் டிஎன்ஏவில் கூடியிருந்த மெத்தில் குறி அப்படியே நின்றது. தடம் வேறு, மரபணுச் செயல்பாடு வேறு, நோய் வேறு. ஒன்று இருந்தால் மற்றது கட்டாயம் இருக்கும் என்று இல்லை. இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகளில் பாதி இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. பெற்றோருக்கு வீண் பயமும் வீண் குற்ற உணர்வும் வருவது அங்கிருந்துதான்.

பிறவித் தடம் மனிதர்களிடம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது, கர்ப்பத்தில் புகைபிடித்த தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள். சிகரெட் புகையிலும் ஆலைப் புகையிலும் ஒரே வகை ஹைட்ரோகார்பன்கள் இருப்பதால், அவை அதே ஏஎச்ஆர் ஏற்பியைத்தான் தட்டுகின்றன. 2016இல் 13 ஆய்வுக் குழுக்கள் 6,685 பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ 6,000 சிபிஜி இடங்களில் வித்தியாசம் தெரிந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரப் பிள்ளைகளைப் பிறப்பிலும், 7 வயதிலும், 17 வயதிலும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். ஜிஎஃப்ஐ1 மரபணுவில் இருந்த மாற்றம் வயதாக ஆக மறைந்தது. ஏஎச்ஆர்ஆர், சிஒய்பி1ஏ1, மையோ1ஜி மரபணுக்களில் இருந்த மாற்றம் 17 வயதிலும் நின்றது. ‘நிரந்தரமா?’ என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாதது இதனால்தான்: ஒரே பிள்ளையின் ஒரே ரத்தத்தில் ஒரு தடம் அழிகிறது, இன்னொன்று நிற்கிறது.

நிறுத்தினால் பலன் உண்டா? சீனாவின் சோங்சிங் பகுதியில் உள்ள டோங்லியாங் நகரில் ஒரு நிலக்கரி மின்நிலையம் 2004இல் மூடப்பட்டது. மூடுவதற்கு முன் 2002இலும், மூடிய பின் 2005இலும் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பின்னவர்களின் தொப்புள்கொடி ரத்தத்தில் டிஎன்ஏவில் ஒட்டிய ஹைட்ரோகார்பன் துணுக்குகள் குறைந்திருந்தன; மூளை வளர்ச்சிக்கான பிடிஎன்எஃப் புரதம் கூடியிருந்தது. முன்னவர்களில் துணுக்குகள் கூடக்கூட 2 வயது வளர்ச்சி மதிப்பெண் குறைந்தது. பின்னவர்களில் அந்தத் தொடர்பே தெரியவில்லை. மூன்றே ஆண்டு இடைவெளியில் இந்த வித்தியாசம். தடத்தை அழிக்கும் மாத்திரைக்காகக் காத்திருப்பவர்கள் இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிலியின் அந்தோஃபகாஸ்தா நகரம். அங்கே ஆர்செனிக் இயற்கையாகவே ஆற்று நீரில் இருந்தது. 1958 முதல் 1970 வரை குடிநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 860 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் அளவு வேகமாக இறங்கியது. ஆனால் அந்த ஆண்டுகளில் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்கள் 30 முதல் 49 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறந்தது, சிலியின் மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ 6 மடங்கு. மூச்சுக்குழல் விரிவு நோயால் இறந்தது 40 மடங்குக்கும் மேல். தண்ணீர் சுத்தமாகிப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த மரணங்கள் இவை.

இனி, ஆய்வுகளை எப்படிப் படிப்பது. இதை நீளமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பெரும்பாலான மனித ஆய்வுகள் ரத்தத்தில் செய்யப்படுகின்றன. ரத்தம் பல வகைச் செல்களின் கலவை. ஒவ்வொரு வகைக்கும் மெத்தில் அமைப்பு வேறு. மாசு பட்ட குழந்தைக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் 10 சதவீதம் கூடியிருந்தாலே ஆயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் மாறியதுபோலத் தோன்றும்; உண்மையில் எந்தச் செல்லிலும் எதுவும் மாறியிருக்காது. தொப்புள்கொடி ரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணுக்களும் இருப்பதால், பெரியவர் ரத்தத்துக்கான திருத்தக் கணக்கை அப்படியே போட்டால் முடிவு கோணலாகும். செல் விகிதத்தைத் திருத்தாத ஆய்வை நம்ப வேண்டாம்.

அடுத்தது எண்ணிக்கை. மெத்தில் குறிகளைப் படிக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனைச் சில்லு (சிப்) சுமார் 8,50,000 இடங்களைப் படிக்கிறது. தற்செயலாக வர நூற்றில் 5 வாய்ப்பு வரை ஏற்கும் 0.05 என்ற வழக்கமான எல்லையை வைத்தால் ஒன்றுமே இல்லாமல் தற்செயலாகவே 42,500 இடங்கள் ‘மாறியதாக’ வரும். அதனால்தான் ஒரு கோடியில் ஒன்று என்ற அளவிலான எல்லை வைக்கிறார்கள். அதே நேரம் 8,50,000 என்பது மொத்த 2.8 கோடியில் வெறும் 3 சதவீதம். மீதியை அந்தச் சில்லு பார்ப்பதே இல்லை. கண்டுபிடிக்கப்படும் வித்தியாசமும் சிறியது, பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதப் புள்ளி. இந்த அளவு வித்தியாசத்தை ஆய்வகத் தவறே உண்டாக்கிவிடும். மாசு பட்டவர்களின் மாதிரிகளை ஒரு நாளும் படாதவர்களின் மாதிரிகளை இன்னொரு நாளும் ஓட்டினால், நாள் வித்தியாசம் மாசு வித்தியாசமாக வேடம் போடும். ஒவ்வொரு தட்டிலும் இரு தரப்பையும் கலந்து வைப்பதுதான் முறை. சிபிஜி இடத்திலேயே பிறவி எழுத்து வேறுபாடு இருந்தால் முடிவுகள் மூன்று கொத்தாகப் பிரிந்து நிற்கும். அது மரபு, மாசு இல்லை. மூளைத் திசுவில் வேறொரு சிக்கல்: மெத்திலை அளக்கும் வழக்கமான பைசல்ஃபைட் முறை, மெத்தில் சைட்டோசினையும் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினையும் பிரித்துக் காட்டாது. மூளையில் பின்னது நிறைய இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் வேறு.

எவ்வளவு மாசு பட்டது என்று அளப்பதிலும் இடறல் உண்டு. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்ஃபீனால் ஏ உடம்பில் சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கர்ப்பத்தில் ஒரே ஒரு சிறுநீர் மாதிரி எடுத்து ஒன்பது மாதத்துக்கும் கணக்குச் சொல்ல முடியாது. வெவ்வேறு நாட்களில் பல மாதிரிகள் வேண்டும். ரத்த ஈயத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம். எலும்பில் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். பாதரசத்துக்குத் தாயின் முடி நல்ல நாட்குறிப்பு: மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், தலையோட்டிலிருந்து அளந்து வெட்டினால் எந்த மாதத்தில் எவ்வளவு என்று தெரியும். ஆர்செனிக்குக்குச் சிறுநீர் கொடுப்பதற்கு முன் மூன்று நாட்களாவது மீன், இறால் தவிர்க்க வேண்டும். கடலுணவில் உள்ள, தீங்கு குறைந்த கரிம ஆர்செனிக்கும் மொத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் அழகானது விழுந்த பால் பல். முன்பற்களின் மேற்பகுதி கர்ப்பத்தின் நடுவிலேயே உருவாகத் தொடங்குகிறது. பிறந்த நேரத்தில் பல்லுக்குள் ஒரு கோடு விழுகிறது. லேசரால் அடுக்கடுக்காக ஆவியாக்கி அளந்தால், கோட்டுக்கு முன் எவ்வளவு ஈயம், பின் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஆய்வு நடக்கும் பகுதியில் இருப்பவர்கள் பால் பல்லைத் தூக்கி எறியாமல், எந்தப் பல், என்றைக்கு விழுந்தது என்று எழுதி உலர்ந்த உறையில் வைக்கலாம்.

தலைமுறை தாண்டுமா என்ற கேள்வியில் ஒரு கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும். கர்ப்பிணியின் மீது மாசு படும்போது அவர், வயிற்றில் இருக்கும் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குள் உருவாகும் இனச்செல்கள் என மூன்று தலைமுறையும் நேரடியாகவே மாசைச் சந்திக்கின்றன. எனவே பேரப்பிள்ளையிடம் தெரியும் பாதிப்பு ‘கடத்தப்பட்டது’ என்பதற்குச் சான்றாகாது. கொள்ளுப்பேரப்பிள்ளையிடம் தெரிந்தால்தான் சான்று. 2005இல் வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தி, நான்காம் தலைமுறை வரை விந்தணுக் குறைபாடு தொடர்ந்ததாகக் காட்டினார்கள். அளவு, கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் தினமும் ஊசி. சாப்பாட்டில் வரும் எச்சத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. வேறு ஆய்வகத்தில் வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது அதே முடிவு வரவும் இல்லை. தாய் சுண்டெலியின் தீனியில் பிஸ்ஃபீனால் ஏ கலந்தபோது குட்டிகளின் முடி நிறம் மாறியதாக 2007இல் வந்த பிரபலமான முடிவும், பிறகு அதிக எண்ணிக்கையில் செய்து பார்த்தபோது உறுதிப்படவில்லை. மனித இனச்செல்களில் நடக்கும் அழித்தெழுதல் மிகக் கடுமையானது. ஆகவே ‘உங்கள் பாட்டி வேலை பார்த்த ஆலைதான் உங்கள் நோய்க்குக் காரணம்’ என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு அதை ஏற்காதீர்கள்.

சோதனைக்குப் பணம் செலவழிப்பதென்றால் நஞ்சை அளக்கச் செலவழியுங்கள். எபிஜெனடிக் வயது, நச்சுத் தட மதிப்பெண் என்று விற்கப்படும் சோதனைகளை வைத்து ஒரு பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்க முடியாது. கூட்டத்தின் சராசரியில் தெரியும் 2 சதவீத வித்தியாசம், ஒரு தனி ஆளின் முடிவில் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் கரைந்துவிடும். ஈயம் என்றால் ரத்தச் சோதனை. விரல் நுனியில் குத்தி எடுத்ததில் கூடுதலாக வந்தால் பதறாமல் நரம்பில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். தோலில் ஒட்டிய தூசியே முடிவை ஏற்றிவிடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5ஐ ஒப்பீட்டு அளவாக வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு 45ஐத் தொட்டால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அதற்குக் கீழே அந்த மருந்து மூளைக்கு உதவுவதில்லை: 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்கு நடந்த சோதனையில் சக்சிமர் மருந்து ரத்த ஈயத்தை இறக்கியது, அறிவுத்திறனில் எந்த முன்னேற்றமும் தரவில்லை. ‘உடம்பைச் சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்லி ஊசி போடுபவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். தேவையான கால்சியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் மருந்துகள் அவற்றில் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் நிச்சயம் பலன் உள்ளவை சில. பேட்டரி, முலாம் பூசுதல், வார்ப்பு, பழைய பெயின்ட் சுரண்டுதல் ஆகிய வேலைக்குப் போகிறவர் அங்கேயே குளித்து உடை மாற்றி வர வேண்டும். வேலை உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் பெருக்கும்போது எழும் தூசியே குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உறிஞ்சுவது 10 சதவீதத்துக்குள். குழந்தை 40 முதல் 50 சதவீதம் வரை உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் இன்னும் அதிகம் இழுக்கும், ஏனெனில் இரண்டும் ஒரே கடத்தி வழியாகப் போகின்றன; ஆகவே சோகையைச் சரிசெய்வது நேரடியாக ஈயத்துக்கு எதிரான வேலை. கர்ப்பத்தில் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்தபோது தாயின் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. எலும்பு கரைந்து பழைய ஈயம் வெளிவருவதை அது தடுக்கிறது. மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் காய்ச்சினால் ஈயமும் ஆர்செனிக்கும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். மூன்று இணைதிறன் ஆர்செனிக்கை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ) வடிகட்டிகூடச் சரியாகப் பிடிக்காது. முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்து ஐந்து இணைதிறனாக மாற்ற வேண்டும். எனவே வடிகட்டி வாங்கிய பிறகும் வெளிவரும் நீரைச் சோதித்துப் பாருங்கள். மெத்தில் சேர்க்கும் வேலைக்கு உதவும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைவாக இருந்த பெரியவர்களுக்கு 12 வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் ரத்த ஆர்செனிக் சுமார் 14 சதவீதம் குறைந்தது. இதைக் கேட்டுவிட்டு மெத்தில் சத்து மாத்திரைகளை அள்ளிப் போடுவது தவறு. எந்த மரபணுவில் மெத்தில் ஒட்ட வேண்டும் என்று மாத்திரைக்குத் தெரியாது. கருத்தரிக்கும் முன்பிருந்து வழக்கமான 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போதும்.

தாய்ப்பாலில் டயாக்சின், பிசிபி வரும் என்பது உண்மை. அப்படியிருந்தும் தாய்ப்பால் கொடுப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதன் பலன் பெரிது. பாலூட்டும் காலத்தில் எடையை வேகமாகக் குறைக்கும் பட்டினி உணவுமுறை மட்டும் வேண்டாம், கொழுப்பு கரையும்போது அதில் தங்கியது பாலுக்குப் போகும்.

ஏற்கெனவே மாசு பட்டுவிட்ட பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது, மரபணுவைப் பற்றிக் கவலைப்படுவதைவிட வளர்ச்சியைக் கவனிப்பது. கேட்டல், பேச்சு, கவனம், கைவேலை ஆகியவற்றை ஒழுங்காகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஈயத்தில் குறைபாடு பள்ளிப் பருவத்தில்தான் வெளிப்படையாகத் தெரியும் என்பதால், ஒரு முறை பார்த்து நிறுத்தாமல் பள்ளி சேரும் வயதிலும், மூன்றாம் நான்காம் வகுப்பிலும் மறுபடி பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப்போங்கள்: கர்ப்பத்தின் எந்த மாதங்களில் எங்கே குடியிருந்தீர்கள், குடிநீர் எங்கிருந்து வந்தது, வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார், பழைய ரத்தச் சோதனை முடிவுகள் தேதியோடு. எந்த நஞ்சு, எந்த மாதம் என்று தெரிந்தால் எந்த உறுப்பை முதலில் சோதிப்பது என்று அவரால் அந்தத் தாளை வைத்தே முடிவு செய்ய முடியும்.